சேலத்துக் கரடுகளில் ஒரு பாறை எலியைத் தேடச் சொல்லி ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள், சேலம் மாவட்ட வன அலுவலர் அவர்கள், சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்கள், கனிமவளத் துறை அலுவலர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சேலம் மாவட்டத்தில் இனி எந்தக் கரட்டுக்கும், அதாவது எந்தப் பாறைக் குன்றுக்கும், கல்குவாரி உரிமம் கொடுக்கும் முன்பு, அந்தக் கரட்டின் பாறை இடுக்குகளில் என்னென்ன எலிகள் இருக்கின்றன என்று தெரிந்தவர்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதற்கான காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது.

சேர்வராயன் மலையடிவாரத்துக் குரும்பப்பட்டியை உயிரியல் பூங்காவால் எல்லோரும் அறிவோம். விலங்கியல் நூல்களிலும் அந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. அங்கே பிடிபட்ட ஓர் எலியை வைத்துத்தான் 1940களில் எல்லர்மன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு புதிய இனத்தை விவரித்தார். அறிவியல் பெயர் கிரெம்னோமிஸ் எல்விரா. தமிழில் பெரிய பாறை எலி என்று சொல்லலாம். முதுகு பழுப்பும் சாம்பலும் கலந்தது, வயிறு வெளிறியது, வால் உடலைவிட நீளம். இரவில் நடமாடும். பாறைகள் நிறைந்த வறண்ட இலையுதிர் புதர்க்காட்டில் வாழ்வது. உலகிலேயே தமிழ்நாட்டின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மட்டும், அதுவும் மிகச் சிறிய ஒரு பரப்பில் மட்டுமே இது பதிவாகியிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனம் என்ற வரிசையில் இதை வைத்திருக்கிறார்கள். அற்றுப்போவதற்கு முந்தைய படி அது.

புலிக்கும் யானைக்கும் கூட அந்தப் பட்டியலில் இதைவிட ஒரு படி குறைந்த ஆபத்துதான். அப்படிப்பட்ட ஓர் உயிர் சேலம் மாவட்டத்தின் பெயரோடு பதிவாகியிருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் எந்தப் பாடத்திலும் படிப்பதில்லை. பூங்காவுக்குப் போகிறவர்களும் அறிவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இந்த எலிக்கு வாழிடம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவுகள் தவறிப்போவது இந்த இடத்தில்தான். வனத்துறை வரைபடத்தில் சேர்வராயன் மலையடிவாரம் முழுவதும் வறண்ட இலையுதிர் காடு, முட்புதர்க்காடு என்று ஒரே நிறத்தில் இருக்கும். எலிக்கு அந்த நிறத்தால் பயனில்லை. ஒரு பாறையும் இன்னொரு பாறையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இடத்தில் உண்டாகும் இடுக்குதான் அதன் வீடு. இடுக்கின் வாய் கீரியும் காட்டுப்பூனையும் நுழைய முடியாத அளவுக்குக் குறுகியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பாறையின் மேற்புறம் கையை வைக்க முடியாமல் கொதிக்கும்போதும் உள்ளே ஒரு முழம் தள்ளிப் போனால் குளிர்ச்சி நிற்கும். அந்தக் குளிர்ச்சி இல்லாமல் பகல் முழுவதும் ஒரு சின்ன உடம்பு தாக்குப்பிடிக்காது. இடுக்கை ஒட்டிச் சூரைமுள்ளோ கிளுவையோ உசிலையோ கவிந்திருந்தால், இரவில் ஆந்தையின் கண்ணில் படாமல் இரை தேட வழி கிடைக்கும். விதையும் புல்லும் பூச்சியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவை எல்லாம் ஒரே இடத்தில் கூடும் பரப்பு ஒரு கரட்டில் சில சென்ட் நிலமாக இருக்கலாம். பக்கத்திலேயே பல ஏக்கர் புதர்க்காடு இருந்தும், இடுக்கு இல்லையென்றால் பாறை எலிக்கு அது வெற்று நிலம்தான்.

சிறு கொறிவிலங்குகள் எல்லாவற்றுக்குமே இப்படித்தான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்தத் தூரத்துக்குள் நிலமும் செடியும் எத்தனை முறை மாறுகின்றனவோ அத்தனை முறை எலிகளும் மாறும். அடிவாரத்து மானாவாரிக் காட்டின் வரப்போரம் வெள்ளெலி வளை தோண்டும். புல்லும் புதரும் கலந்த இடத்தில் புதரெலி புல்லைச் சுருட்டிக் கூடு வைக்கும். மெல்லிய நீள்வாலைக் கிளையில் பிடிமானமாகச் சுற்றிக்கொண்டு ஏறும் மரச்சுண்டெலிக்குத் தரையைவிட மூங்கிலும் குறுமரமும் முக்கியம். வாலின் கடைப்பாதி வெள்ளையாக இருக்கும் வெள்ளைவால் காட்டெலியை 1881இல் கடப்பையிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு தாமஸ் என்பவர் விவரித்தார். மரப்பொந்தும் பாறைச் சந்தும் உள்ள காடு அதற்குப் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகவரி இருக்கிறது. எல்லாவற்றையும் எலி என்று ஒரே சொல்லில் முடிக்கும்போது அத்தனை முகவரிகளும் அழிந்துபோகின்றன.

சரளை மண்ணில் வாழும் முள்மயிர்ச் சுண்டெலியைப் பற்றி ஒரு சேதி சொல்லாமல் தாண்ட முடியவில்லை. மெட்ராஸ் ஆட்சிப்பணியில் இருந்த வால்டர் எலியட் 1839இல் எழுதியது இது. அந்தச் சுண்டெலி வளைக்குள் போனதும் சிறு கூழாங்கற்களால் வாசலை அடைத்துக்கொள்ளுமாம். உள்ளறையிலும் கூழாங்கற்களைப் பரப்பி அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்குமாம். செம்மண் சரளையில் சரியான அளவுக் கற்கள் கிடைக்கும் இடம்தான் அதற்கு ஊர். சாலை போட அந்தச் சரளையை அள்ளிவிட்டால் மேலே செடி திரும்ப முளைக்கலாம், நமக்கும் பசுமையாகத் தெரியலாம், ஆனால் அந்தச் சுண்டெலிக்கு வீடு கட்டப் பொருள் இருக்காது. எலியட்டுக்கு இப்படிப்பட்ட செய்திகளைச் சொன்னவர்களில் குளம் வெட்டும் ஒட்டர்களும் இருந்தார்கள். மண்ணில் கைவைத்து வேலை செய்தவர்களுக்கு எந்த வளையில் எது இருக்கும் என்பது தெரிந்திருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்த வகை அறிவு ஓரளவு சேர்ந்திருக்கிறது. நீலகிரியின் மேல்மட்டத்தில் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து, சில அடிகள் தள்ளித்தான் இருக்கின்றன. 1990களில் அங்கே பொறி வைத்து ஆய்ந்தபோது இரண்டிலும் வெவ்வேறு எலிக்கூட்டங்கள் வாழ்வது தெரிந்தது. குன்னூரிலிருந்து 1898இல் விவரிக்கப்பட்ட மஸ் ஃபாமுலஸ் என்ற மலைச்சுண்டெலி நீலகிரியின் உயர்ந்த காடுகளை விட்டு இறங்குவதில்லை. களக்காடு முண்டந்துறை மழைக்காட்டில் முள்வால் எலியைத் தேடியவர்கள் தரையில் மட்டும் பொறி வைத்துப் பயனில்லை என்று மரத்தின்மேலும் கட்டினார்கள், ஏனென்றால் அது கிளைக்குக் கிளை தாவி வாழ்வது, பகலில் மரப்பொந்தில் உறங்குவது. அதற்கு நெருங்கிய உறவு உலகில் வேறெங்கே இருக்கிறது தெரியுமா? சீனாவிலும் வியட்நாமிலும்தான். பழைய பொந்து மரங்களை வெட்டாமல் விட்டால்தான் அது இருக்கும். கிழக்கு மலைகளுக்கு இப்படிப்பட்ட கவனம் கிடைக்கவில்லை. சேர்வராயன், கல்ராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, போதமலை, ஜருகுமலை என்று நம்மைச் சுற்றி நிற்கும் மலைகள் வறண்டவை, மழைக்காடு அல்ல, சுற்றுலா விளம்பரத்துக்கு ஏற்ற பசுமை இல்லை என்பதாலேயே அவற்றின் சிற்றுயிர்களைத் தேட ஆளில்லாமல் போனது.

சட்டமும் இந்த அலட்சியத்துக்குத் துணைநின்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தீங்குயிர்கள் பட்டியல் அது. காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு எலி, சுண்டெலி என்று பொத்தாம்பொதுவாக அதில் எழுதியிருந்தார்கள். வயலில் நெல் தின்னும் எலிக்கும், உலகில் ஒரே மலையடிவாரத்தில் மட்டும் பதிவான எலிக்கும் ஒரே வரி. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால், 2023 ஏப்ரல் 1 முதல், அந்த அட்டவணை நீங்கிவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் அரை நூற்றாண்டு சட்டப் புத்தகத்தில் இருந்த எண்ணம் களத்தில் இன்னும் இருக்கிறது. குவாரி விண்ணப்பங்களோடு வைக்கப்படும் உயிரினப் பட்டியல்களில் நான் படித்தவற்றில் பாலூட்டிகள் என்ற தலைப்பின்கீழ் அணில், முயல், கீரி, அப்புறம் வீட்டெலி என்று முடிந்துவிடுகிறது. கரட்டின் உச்சியில், பாறைகளுக்கு நடுவில், வீடே இல்லாத இடத்தில் வீட்டெலி என்று எழுதியவர் அங்கே ஒரு பொறியும் வைத்திருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன்.

பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதை ஒன்று என்று எழுதிவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்குச் சகியாத்ரிக் காட்டெலியே சான்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் வாழும் இந்த எலியை நெடுங்காலம் வீட்டெலியின் ஒரு கிளை என்றே கருதினார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் தனி இனம் என்று உறுதியானது. நம் கரடுகளில் வீட்டெலி என்று எழுதிப் போனவற்றில் எது எதுவாக இருந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் துறை கணக்கெடுப்பில் கைதேர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்புக்காக வனக்காவலர்களும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் நடக்கும் நடையை மதிக்கிறேன். ஆனால் காட்டுப்பாதையின் ஓரத்தில், புலியின் விலாவைப் படம் பிடிக்கும் உயரத்தில் கட்டிய கேமரா, பாறைச் சந்துக்குள் இருக்கும் எலியைக் காட்டாது. அதற்கு வேறு வழி வேண்டும். அந்த வழி பணம் அதிகம் கேட்காது.

முதலில் கொம்பன் ஆந்தையின் இருப்பிடங்களிலிருந்து தொடங்கலாம். சேலத்தைச் சுற்றியுள்ள பாறை முகடுகளிலும் கைவிட்ட பழைய குவாரிகளின் செங்குத்துச் சுவர்களிலும் இந்த ஆந்தை அமர்வதைக் கவனித்து வருகிறேன். எலியைப் பெரும்பாலும் முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது வழக்கமாக அமரும் பாறையின் அடியில் அந்த உருண்டைகள் குவிந்து கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடும் தாடையும் உடையாமல் கிடைப்பதுண்டு. கடைவாய்ப் பற்களின் மேடுகளைப் பார்த்தே எந்தப் பேரினம் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஐயம் வந்தால் எலும்பிலிருந்து மரபணு எடுக்கலாம். ஒரு பருவம் முழுவதும் ஆந்தை நமக்காகச் செய்த வேலை அந்தக் குவியலில் இருக்கிறது. ஒரே ஒரு குறை, ஆந்தை தொலைவிலிருந்தும் இரை கொண்டுவரும் என்பதால், எந்த இடுக்கில் அந்த எலி இருந்தது என்பதை உருண்டை சொல்லாது. எந்தக் கரட்டுப் பக்கம் தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

அடுத்துதான் பொறி. உயிரோடு பிடிக்கும் பெட்டிப்பொறிகளைப் பாறை விளிம்பை ஒட்டி வைக்க வேண்டும், வெட்டவெளியில் வைத்தால் பாறை எலி வராது. நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, கருவாடு என்று இரையை மாற்றிப் பார்க்கலாம். ஒரே இரவில் முடிவு கட்டக் கூடாது. விடிந்ததும் முதல் வேலையாகப் பொறியைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பாறைமேல் இருக்கும் தகரப் பெட்டி உள்ளிருக்கும் உயிரைக் கொன்றுவிடும். காதோரம் ஒரு சிறு துணுக்கு எடுத்து, அளவெடுத்து, படமெடுத்து, பிடித்த இடுக்கிலேயே விட்டுவிடலாம். இதற்கான அனுமதியைத் தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களிடம் இருக்கிறது. கல்லூரி விலங்கியல் துறைகளிலிருந்து இதைச் செய்ய ஆர்வத்தோடு முன்வருபவர்களின் விண்ணப்பங்களை விரைவாகப் பார்த்து அனுமதி வழங்க வேண்டுகிறேன்.

களத்துக்கு ஆள் தேடும்போது மலையாளிப் பழங்குடி மக்களையும் இருளர்களையும் கூப்பிடுங்கள், கூலியாட்களாக அல்ல, ஆய்வுக் குழுவின் உறுப்பினர்களாக. பாம்பு பிடிப்பதில் இருளர்களின் திறமைக்காக வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வளையின் வாய் மண்ணைப் பார்த்து உள்ளே ஆளிருக்கிறதா, எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்லும் அறிவு அது. அதே அறிவு எலிக்கும் பொருந்தும். சேர்வராயன் மலையில் தலைமுறையாக வாழும் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசினால், பாறையில் இருப்பது எது, வீட்டுக்கு வருவது எது என்று அவர்கள் பிரித்துச் சொல்லக்கூடும். அதைப் பதிவு செய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இனி கரடுகளுக்கு நேர்வதைப் பற்றி. கிராம நிலக் கணக்கான அடங்கலில் கரடு, பாறை, கல்லாங்குத்து என்று எழுதப்பட்ட புறம்போக்குகளில் பெரும்பகுதி காப்புக்காட்டுக்கு வெளியே, வருவாய்த் துறையின்கீழ் இருக்கிறது. அதனால்தான் இந்த மடலை ஆட்சியர் அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் தேவை இருக்கிறது, நாம் எல்லோரும் கட்டடத்தில்தான் குடியிருக்கிறோம், குவாரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காடு வெட்டினால் காடு வளரலாம், வயல் தரிசானால் மீண்டும் உழலாம். கரட்டை உடைத்தால் அந்த இடுக்கு திரும்ப வராது. பாறை வெடித்து, சாய்ந்து, மழையும் வெயிலும் பிளந்து அந்தச் சந்து உண்டாக எடுத்த காலத்தை எந்தக் குத்தகைக் காலத்தோடும் ஒப்பிட முடியாது. எந்தக் கரட்டை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தீர்மானிக்க முதலில் எதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் வேலையாலும் கேடு வருவதுண்டு. மரம் நடும் இயக்கத்துக்காகக் கரட்டுச் சரிவுகளில் பொக்லைன் ஏற்றிக் குழி வெட்டுவதையும், பாறைகளை உருட்டி ஒதுக்குவதையும் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். கள்ளியும் காரையும் சூரையும் நிற்கும் புதர்க்காடு தரிசு அல்ல. நிழல் மரம் தேவைப்படும் இடங்கள் ஊருக்குள்ளும் சாலையோரத்திலும் ஏராளமாக இருக்கின்றன. அதே போல மலைப்பாதைக் காட்சிமுனைகளில் கொட்டப்படும் தின்பண்டக் குப்பை வீட்டெலியை மேலே ஏற்றிவிடுகிறது. வீட்டெலி எதையும் தின்னும், எங்கும் குட்டி போடும். அது வந்து குடியேறிய இடுக்கில் காட்டெலிக்கு இடம் இருக்குமா என்பது எனக்குப் பெருங்கவலை. எலி மருந்து வைப்பதையும் காட்டோரத்தில் தவிர்க்கச் சொல்லுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சேர்ந்தே சாகிறது.

இதற்கெல்லாம் முன்னுதாரணம் இல்லாமல் நான் கேட்கவில்லை. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியின் பாறைக்குன்றுகளை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக இதே அரசுதான் அறிவித்தது. மழைக்காடு இல்லை, புலி இல்லை, யானை இல்லை. பாறையும் சுனையும் வல்லூறும் மக்களின் வழிபாடும்தான் அங்கே இருந்தன. அது போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைகளைத் தேவாங்குக்காகச் சரணாலயம் ஆக்கினீர்கள். வறண்ட மலையும் சிறிய உயிரும் பாதுகாப்புக்கு உரியவை என்று அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். அண்மையில் மெட்ராஸ் முள்ளெலிக்கும் தனித் திட்டம் வந்ததைப் படித்து மகிழ்ந்தேன். அந்த வரிசையில் அடுத்ததாகப் பெரிய பாறை எலியைச் சேர்ப்பது நியாயமான வேண்டுகோள் என்றே நம்புகிறேன்.

தேடியும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்காது போனாலும் தேடியதால் நட்டமில்லை. எந்தெந்தக் கரட்டில், எந்த மாதத்தில், எத்தனை பொறி வைத்தோம், அவற்றில் என்னென்ன கிடைத்தன என்ற பதிவு இருக்கும். வெள்ளைவால் காட்டெலி எங்கே வரை இருக்கிறது, மரச்சுண்டெலி எந்த உயரத்தில் நிற்கிறது, வீட்டெலி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் கிழக்கு மலைகளுக்கு முதல்முறையாகத் தெரியவரும். கொறிவிலங்குகளை நம்பித்தான் அந்த மலைகளின் ஆந்தையும் சாரையும் காட்டுப்பூனையும் இருக்கின்றன. புதைத்து மறந்த விதைகள் முளைப்பதும் அவற்றால்தான். அந்த அறிவு எந்த நிலத் தீர்மானத்துக்கும் உதவும்.

தேடலைக் குரும்பப்பட்டியிலிருந்தே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பூங்காவைச் சுற்றியுள்ள காப்புக்காட்டின் பாறைப்பகுதிகளும், அங்கிருந்து மலையேறி ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் வரையுள்ள சரிவுகளும் முதல் கட்டம். அந்த உயரத்தில்தான் இந்த இனம் இருந்ததாகப் பதிவு சொல்கிறது. அடுத்து நகரைச் சுற்றிக் குத்தகைக்கு விண்ணப்பம் வந்துள்ள கரடுகள். அந்த வேலை முடியும்வரை இந்தக் கரடுகளில் புதிய உரிமம் எதையும் வழங்காமல் நிறுத்தி வையுங்கள். முடிவுகளைத் தமிழில் வெளியிடுங்கள், எந்த ஊராட்சியின் கரட்டில் என்ன கிடைத்தது என்று அந்தந்த கிராமசபையில் வாசிக்கும்படி செய்யுங்கள். குரும்பப்பட்டி பூங்காவின் நுழைவாயிலில் இந்த எலியைப் பற்றி ஒரு பலகை வைக்க முடியுமானால், அதற்கான வாசகத்தை எழுதித் தரவும், ஆந்தை உருண்டைகளைச் சேகரிக்க மாணவர்களோடு வந்து உழைக்கவும் எங்கள் பள்ளி தயாராக இருக்கிறது.

இங்ஙனம்,
சேலத்திலிருந்து ஓர் அரசுப் பள்ளி உயிரியல் ஆசிரியர்